அறுவடைக்கு முன்னும் பின்னும்: மனத்தெம்பு எங்கிருந்து வருகிறது?

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்தில் கரும்பு போடும் சிறு விவசாயிக்குப் பணம் மாதாமாதம் வருவதில்லை. வெட்டி ஆலைக்கு அனுப்பிய பிறகு மொத்தமாக வரும். அதை வைத்துத்தான் அடுத்த வெட்டு வரை ஓட்ட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதுகூட அவர் கையில் இல்லை. ஆலை முறை வைத்துச் சொல்லும் நாளில்தான் வெட்ட முடியும். இந்தப் பகுதியில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நான்கு ஆய்வாளர்கள் அறுவடைக்கு முன்பு ஒருமுறையும் பின்பு ஒருமுறையும் சந்தித்தார்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரியான சிந்தனைப் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது.

அறுவடைக்கு முன்பு அவர்களில் 78 விழுக்காட்டினர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின்பு அது 4 விழுக்காடு. பணமுடை நிலவிய மாதங்களில் திணறிய அதே ஆட்கள், பணம் வந்த பிறகு புதிர்களை விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்து முடித்தார்கள். வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது பற்றி விவாதம் உண்டு. ஆனாலும் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒன்றுதான்: ஆள் மாறவில்லை. அதே குடும்பம், அதே படிப்பு, அதே குணம். சில மாத இடைவெளியில் அவர் தெளிவாக யோசிக்கக் கூடியவராகவும் யோசிக்க முடியாதவராகவும் இருந்திருக்கிறார்.

இப்போது அடகுச் சீட்டோடு நிற்கும் அந்த மனிதரிடம் போய் ‘நல்லதையே நினையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்வதைக் கற்பனை செய்து பாருங்கள். சொல்பவருக்கு நல்லெண்ணம் இருக்கலாம். கேட்பவருக்கோ இருக்கிற கஷ்டத்தோடு இன்னொரு குறையும் சேர்கிறது: தான் சரியாக நினைக்காததால்தான் இப்படி ஆனது என்று. வாட்ஸாப்பில் காலை வணக்கத்தோடு வரும் வாசகங்களில் பெரும்பாலானவை இந்த வேலையைத்தான் செய்கின்றன. வாழ்க்கையின் ஏற்றத்தாழ்வுகளுக்கு நடுவில் மனத்தெம்போடு இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நாம் பல காலமாகத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

இதைப் புரிந்துகொள்ள 1967ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. பக்கத்தில் உள்ள பலகையைத் தலையால் அழுத்தினால் அது நின்றுவிடும். வேறு சில நாய்களுக்கும் அதே அளவு, அதே நேரம் அதிர்ச்சி கொடுக்கப்பட்டது. ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. மூன்றாவது கூட்டத்துக்கு அதிர்ச்சியே இல்லை. மறுநாள் எல்லா நாய்களையும் ஒரு தாழ்வான தடுப்பு உள்ள பெட்டியில் விட்டார்கள். தடுப்பைத் தாண்டினால் அதிர்ச்சியிலிருந்து தப்பிவிடலாம். முதல் கூட்டமும் மூன்றாவது கூட்டமும் தாண்டக் கற்றுக்கொண்டன. இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலானவை முயற்சியே செய்யாமல் படுத்துக்கொண்டு முனகின. இன்று இப்படியொரு சோதனைக்கு எளிதில் அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அந்த உயிர்கள் பட்ட வேதனையை மறந்துவிட்டு இதைப் பற்றிப் பேச என்னால் முடியவில்லை.

‘என்ன செய்தாலும் பயனில்லை என்பதை அந்த நாய்கள் கற்றுக்கொண்டுவிட்டன’ என்று அவர்கள் விளக்கினார்கள். கற்ற கையறுநிலை என்ற இந்தக் கருத்து உளவியலில் பெரும் செல்வாக்குப் பெற்றது. மனச்சோர்வு முதல் வறுமை வரை பலவற்றை விளக்க இது பயன்பட்டது.

அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 1968இல் அவர்கள் வெளியிட்ட அடுத்த ஆய்வு. படுத்துவிட்ட நாய்களை எப்படி மீட்பது? தடுப்பை முழுவதும் எடுத்துப் பார்த்தார்கள். மறுபக்கத்தில் உணவை வைத்து அழைத்துப் பார்த்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் கழுத்தில் கயிறு கட்டி மறுபக்கத்துக்கு இழுத்துச் சென்றார்கள். ஒருமுறை இரண்டு முறை அல்ல, திரும்பத் திரும்ப. மெல்ல மெல்ல இழுப்பதற்குத் தேவையான பலம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு அவை தாமாகவே தாண்டின. கண் முன்னால் வழி திறந்திருந்தது போதவில்லை. தன் கால் நகர்ந்தால் வலி நிற்கிறது என்பதை உடம்பு அனுபவித்து அறிய வேண்டியிருந்தது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் இது பழைய செய்தி. மையர் பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தில் எலிகளின் மூளையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 2016இல் அவரும் செலிக்மனும் சேர்ந்து, தங்கள் கொள்கையைத் தாங்களே தலைகீழாகத் திருப்பி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் சாரம் இதுதான்: நீண்ட நேரத் துன்பத்துக்கு முன்னால் செயலற்றுப் போவது கற்றுக்கொண்ட பாடம் அல்ல, அதுதான் மூளையின் இயல்பான முதல் எதிர்வினை. மூளைத்தண்டில் செரோட்டோனின் சுரக்கும் ஒரு நரம்புத் தொகுதி, துன்பம் நீளும்போது தானாகவே தூண்டப்பட்டு உடலை முடக்குகிறது. அதை அடக்குவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையின் ஒரு பகுதி. ‘நான் செய்வதால் ஏதோ மாறுகிறது’ என்று அந்தப் பகுதி கண்டுகொண்டால் மட்டுமே அது தண்டுக்கு ‘நிறுத்து’ என்று சொல்லி அனுப்புகிறது. அந்தப் பகுதியைத் தற்காலிகமாக முடக்கிவிட்டால், அதிர்ச்சியைத் தானே நிறுத்த முடிந்த எலியும் நிறுத்த முடியாத எலியைப் போலவே சோர்ந்து விழுகிறது.

ஆக, கற்றுக்கொள்ளப்படுவது கையறுநிலை அல்ல, கையில் பிடி இருக்கிறது என்ற உணர்வு. ஐம்பது ஆண்டு உழைப்பைத் திருப்பிப் போட்டு எழுத ஒரு நேர்மை வேண்டும். அதற்காகவே அந்த இருவர் மீதும் எனக்கு மரியாதை உண்டு.

இந்தத் திருப்பம் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களுக்கு மிகப் பெரிய ஆறுதல். வேலை போன பிறகு, வியாபாரம் முறிந்த பிறகு, திருமணம் உடைந்த பிறகு ஒருவர் பாயை விட்டு எழாமல் கிடந்தால் அது அவருடைய குணக்கேடு அல்ல. மிகப் பழைய ஒரு நரம்பமைப்பு தன் வேலையைச் செய்கிறது. அதை உபதேசத்தால் அணைக்க முடியாது. சின்னதாக ஏதாவது ஒன்று அவர் கையால் மாறி, அது மாறியதை அவரே காண வேண்டும்.

மனிதர்களிடமும் இதற்குச் சான்று உண்டு. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இருவர் சிலரைப் பேரிரைச்சல் நடுவில் உட்கார வைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, ‘தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள்’ என்றார்கள். பெரும்பாலும் யாரும் அழுத்தவில்லை. இரு பிரிவினரும் கேட்ட சத்தம் ஒன்றுதான். ஆனால் பிறகு கொடுத்த கடினமான வேலைகளில் பொத்தான் இருந்தவர்கள் நெடுநேரம் விடாமல் முயன்றார்கள்.

1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. ஒரு தளத்தில் இருந்த முதியவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த இரவில் திரைப்படம் பார்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, பிடித்த ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி கிடைத்தது. தண்ணீர் ஊற்றுவதைத் தாதியரே பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். அன்பில் குறையில்லை, வசதியில் குறையில்லை. மூன்று வாரங்களில் முதல் தளத்தவர்கள் கூடுதல் உற்சாகத்தோடும் நடமாட்டத்தோடும் இருந்தார்கள்.

நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது தளத்துக் கதை. ஊரில் தோட்டத்தையும் நாலு பேரின் வழக்கையும் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைச் சென்னை அடுக்ககத்துக்கு அழைத்து வருகிறோம். ‘நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், பேசாமல் உட்காருங்கள் அப்பா’ என்கிறோம். பால் வாங்குவது, பில் கட்டுவது எல்லாம் செல்பேசியில் முடிந்துவிடுகிறது. அவர் ஆறே மாதத்தில் பத்து வயது கூடியவர் போல் ஆகிவிட்டார் என்று பிறகு வருந்துகிறோம். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது வேலையை மட்டுமல்ல.

இதே வகை ஆய்வில் எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. ரிச்சர்ட் ஷுல்ஸ் என்பவர் முதியோர் இல்லத்துக்குக் கல்லூரி மாணவர்களைப் பார்வையாளர்களாக அனுப்பினார். எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதைச் சில முதியவர்களே தீர்மானித்தார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் மிக நன்றாக இருந்தார்கள். ஆய்வு முடிந்தது, மாணவர்கள் வருவதும் நின்றது. பிறகு பார்த்தபோது, அவர்களின் நிலை மற்றவர்களைவிட அதிகமாகச் சரிந்திருந்தது. கையில் பிடியைக் கொடுத்துவிட்டுப் பறிப்பது, கொடுக்காமல் இருப்பதைவிடக் கொடுமையாக முடியலாம். உதவி செய்யப் போகிறவர்கள் அனைவரும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனிமையாகக் கற்பனை செய்வது மட்டும் உதவுமா? காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1991இல் எடை குறைப்புச் சிகிச்சையில் இருந்த பெண்களிடம் இதைச் சோதித்தார். தன்னால் முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் அதிக எடை குறைத்தார்கள். மெலிந்த தோற்றத்தை மனத்தில் இனிக்க இனிக்கக் கண்டு மகிழ்ந்தவர்களோ குறைவாகத்தான் குறைத்தார்கள். பெற்றுவிட்டது போன்ற கனவு, பெறுவதற்கான முனைப்பைத் தின்றுவிடுகிறது. முடியும் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் முன்பு செய்து பார்த்ததிலிருந்து வருகிறது. கனவுக்கு அந்த அடித்தளம் தேவையில்லை. தெம்பூட்டும் மேடைப் பேச்சாளர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகவே சொல்லித் தருகிறார்கள்.

திருக்குறளில் ‘இடுக்கண் அழியாமை’ என்றவுடன் துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்லும் முதல் குறளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதே அதிகாரத்தில் நான்காவது குறளில் வருவது, வழியில் தடைப்படும் இடத்திலெல்லாம் விடாமல் வண்டியை இழுக்கும் எருது. அதற்கு முந்தைய அதிகாரம் ஆள்வினையுடைமை, அதாவது இடைவிடா முயற்சி. முதலில் முயற்சி, பிறகுதான் துன்பத்துக்குக் கலங்காமை என்ற இந்த வரிசையை நாம் இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாள், தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு ஆண்டின் மிகக் கனமான நாள். ஒரு பாடத்தில் தேறாத பிள்ளையின் மனத்தில் அன்று ஓடுவது ‘கணக்கில் தவறிவிட்டேன்’ என்பதோடு நிற்காது. ‘எனக்கு எதுவுமே வராது, இனி எப்போதுமே வராது, தப்பு முழுக்க என்னுடையது’ என்று அது பரவும். 1978இல் செலிக்மனும் லின் ஏப்ரம்சன், ஜான் டீஸ்டேல் ஆகியோரும் சேர்ந்து இந்தப் பரவலைத்தான் ஆராய்ந்தார்கள். நேர்ந்த தீங்கை நிரந்தரமானது, எல்லாவற்றையும் பாதிப்பது, தன்னால் மட்டுமே வந்தது என்று விளக்கிக்கொள்பவர்கள் மனச்சோர்வுக்கு எளிதில் ஆட்படுகிறார்கள் என்பது அவர்கள் கருத்து.

அந்தப் பிள்ளையிடம் ‘அப்படி நினைக்காதே’ என்று சொல்லிப் பார்க்கலாம். அதைவிட வலுவானது, துணைத் தேர்வுக்கான தேதி. தேறாதவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் சில வாரங்களிலேயே மறுபடி எழுதலாம், தேறினால் அதே ஆண்டில் கல்லூரியிலும் சேரலாம் என்ற ஏற்பாடு இங்கே இருக்கிறது. விடைத்தாள் நகல் கேட்கலாம், மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். ‘இனி எப்போதுமே வராது’ என்ற எண்ணத்துக்கு இதைவிட நேரான பதில் இல்லை. செய்வதற்கு ஒரு வேலை, அதற்கு ஒரு நாள், அதன் பிறகு ஒரு கதவு. சென்னையில் 1986இல் தற்கொலைத் தடுப்புக்காக ‘சிநேகா’ அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இந்த ஏற்பாட்டுக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தவர்களில் ஒருவர். 2017இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு கைவிட்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். மாணவருடைய மனத்தை மாற்றச் சொல்லி யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. சூழலில் ஒரு பிடிமானத்தை வைத்தார்கள். நம்பிக்கையைப் பொதுக் கொள்கையாக எழுதுவது என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

மனச்சோர்வே வந்துவிட்டவர்களுக்கு? அதற்கும் இந்தத் திசையில் ஒரு சிகிச்சை இருக்கிறது, அதுவும் இந்திய அனுபவத்தோடு. கோவாவில் ‘சங்கத்’ என்ற அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் மற்றவர்களும் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கடுமையான மனச்சோர்வோடு வந்த 495 பேர் அதில் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை சற்று மேம்படுத்தப்பட்டுக் கிடைத்தது. மீதிப் பேருக்கு அதோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் வரை ஆலோசனையும் கிடைத்தது. ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்களோ உளவியல் பட்டதாரிகளோ அல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். 2017இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். மற்ற பிரிவில் 39 விழுக்காடு.

அந்த ஆலோசனையின் மையம், செயலூக்கச் சிகிச்சை என்று சொல்லத்தக்க ஒரு முறை. எண்ணங்களோடு வாதாடுவது அதில் குறைவு. என்ன செய்தபோது மனம் கொஞ்சம் லேசானது, எதை நிறுத்திய பிறகு கனத்தது என்று நாள்வாரியாகக் குறித்துக்கொள்வது முதல் படி. பிறகு நிறுத்திவிட்டவற்றில் மிகச் சிறிய ஒன்றை, மனநிலை எப்படி இருந்தாலும், குறித்த நேரத்தில் செய்வது. மாலை ஐந்து மணிக்குத் தெருமுனை வரை நடப்பது. பூச்சந்தையிலிருந்து ஒரு முழம் பூ வாங்கி வருவது. பாதியில் விட்ட தையலில் ஒரு வரிசை போடுவது. செய்த பிறகு மனம் எப்படி இருந்தது என்பதையும் குறித்துக்கொள்வது. ‘மனம் வந்தால் செய்வேன்’ என்று காத்திருக்கும் வரிசையை இந்த முறை மாற்றிவிடுகிறது. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் நாட்டம் இல்லாமல் வாரக்கணக்கில் நீண்டால் வீட்டு வைத்தியம் போதாது; மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

எல்லாத் துயரத்திலும் பிடிப்பதற்கு ஏதாவது இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க எந்த ஆய்வும் இல்லை. அங்கே ‘இதிலும் ஒரு நன்மை இருக்கும்’ என்று பேசுவது பாவம். அருகில் இருப்பதும், அவர்கள் அழும் வரை அழ விடுவதும்தான் செய்யக்கூடியது. ஆனால் அந்த வீட்டிலும் சில வாரங்கள் கழித்து, ‘இன்றைக்கு என்ன சமைக்கலாம், நீங்கள் சொல்லுங்கள்’ என்று ஒருவர் கேட்கலாம். அவர்களுக்காக எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும் உறவினரைவிட, அப்படிக் கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர் கூடுதல் உதவி செய்கிறார்.

இதுவரை தாழ்வைப் பற்றியே பேசினேன். ஏற்றக் காலத்துக்கும் இந்த ஆய்வுகளில் ஒரு முக்கியமான இடம் உண்டு, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. தப்ப முடிந்த அதிர்ச்சியை முதலில் அனுபவித்த நாய்கள், பிறகு தப்ப முடியாத அதிர்ச்சிக்கு ஆளானபோதும் படுத்துவிடவில்லை. மையரின் எலிகளிலும் இதையே பார்த்தார்கள்: ஒருமுறை துன்பத்தைத் தன் செயலால் நிறுத்திய எலிக்கு, பின்னால் வேறொரு இடத்தில், வேறொரு வகைத் துன்பம் வந்தபோதும் முன்மூளை விழித்துக்கொண்டு காப்பாற்றியது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், வளரிளம் பருவத்தில் இந்த அனுபவம் கிடைத்த எலிகளுக்கு முதிர்ந்த பிறகும் அந்தப் பாதுகாப்பு நீடித்தது.

கவனிக்க வேண்டியது, துன்பமே காணாமல் வளர்ந்த எலிக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. தப்ப முடியாத துன்பத்தில் வளர்ந்ததற்கும் கிடைக்கவில்லை. உண்மையான சிரமம், ஆனால் தன் முயற்சியால் தீரக்கூடிய சிரமம் என்ற நடுவழியில்தான் அது கிடைத்தது. எலியிலிருந்து மனிதருக்குத் தாவும்போது எச்சரிக்கை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பிள்ளைகளை வளர்க்கும் முறைக்கு இதில் நேரடியான செய்தி இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை ரேஷன் கடைக்குத் தனியாகப் போய் வரிசையில் நின்று, குறைவாகத் தந்த சில்லறையைக் கேட்டு வாங்கி வரட்டும். நண்பனோடு போட்ட சண்டையை அம்மா போய்த் தீர்க்காமல் மகளே தீர்க்கட்டும். கல்லூரி விண்ணப்பத்தை அப்பா நிரப்பாமல், பிழையோடு என்றாலும் மகன் நிரப்பட்டும். பிழையைத் திருத்த அலுவலகத்துக்கு அவனே அலையட்டும். வீட்டில் பணமும் நிம்மதியும் ஓரளவு இருக்கும் காலத்தில்தான் இதற்கெல்லாம் அவகாசம் இருக்கும்.